குளிர் ஊரில் குளிர் அறை: கொண்டென்சிங் யூனிட் பராமரிப்பும் கொம்பிரசர் பழுதும்

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி விழுவதும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் குளிர் அறை நடத்துவது சுலபம் என்றுதான் மரக்கறிக் களஞ்சியம், பால் சேகரிப்பு நிலையம், இறைச்சிக் கடை, விடுதிச் சமையலறை என எதை வைத்திருப்பவரும் முதலில் எண்ணுகிறார். வெளியே நிற்கும் கொண்டென்சிங் யூனிட்டுக்குக் கொழும்பு வெயில் இல்லை, ஆகவே குளிரூட்டும் காஸை அழுத்தித் தள்ளும் கொம்பிரசருக்கு வேலை குறைவு, ஆயுள் கூடுதல் என்பது அவர் போடும் கணக்கு. கணக்கின் முதல் பாதி சரி. ஆனால் யூனிட்டைக் கரையோரத்துக்கு ஏற்றபடி பொருத்தி, கரையோரத்துக்கு ஏற்றபடியே பராமரித்தால் இரண்டாம் பாதி பொய்த்துப்போகும். நான் மலையில் கழற்றி இறக்கிய கொம்பிரசர்களில் வெப்பத்தால் கெட்டவற்றைவிடக் குளிரால் கெட்டவையே அதிகம்.

இந்தக் குறிப்பு, கொம்பிரசர், விசிறியுடன் கூடிய கொண்டென்சர் சுருள், திரவத்தைத் தேக்கிவைக்கும் ரிசீவர் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு, கட்டடத்துக்கு வெளியே வைக்கப்படும் யூனிட்டுகளைப் பற்றியது. உரிமையாளர் தாமே செய்யக்கூடியவையும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர் மட்டுமே தொடவேண்டியவையும் இதில் கலந்தே வருகின்றன. மின் பெட்டியைத் திறப்பதும் காஸ் இணைப்பைத் தளர்த்துவதும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

குளிர் செய்யும் இரண்டு கெடுதல்கள்

காஸ் கொண்டென்சரில் திரவமாக மாறும் வெப்பநிலை, சுற்றியுள்ள காற்றைவிட 10 முதல் 15 பாகை வரை கூடுதலாக இருப்பது வழக்கம். நண்பகலில் வெளிக்காற்று 22 பாகையாக இருந்தால் அது 35 பாகை அளவில் இருக்கும். ஆர்404ஏ என்ற வகைக் காஸ் நிரப்பிய யூனிட்டில் உயர் அழுத்த மானி சுமார் 220 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) காட்டும். அதே யூனிட்டின் விசிறி விடியற்காலை 5 பாகைக் குளிரிலும் முழு வேகத்தில் சுழன்றால், அழுத்தம் 140க்கும் கீழே இறங்கிவிடும். திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்சன் வால்வு, தன்னிடம் வரும் திரவத்தின் அழுத்தத்துக்கும் அறையைக் குளிர்விக்கும் சுருளான எவாபரேட்டருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டை நம்பியே தன் வேலையைச் செய்கிறது. வேறுபாடு சுருங்கினால் எவாபரேட்டர் பட்டினி கிடக்கும். உறிஞ்சும் பக்க அழுத்தம் விழும். தாழ் அழுத்த சுவிட்ச் கொம்பிரசரை நிறுத்தும். சற்று நேரத்தில் அழுத்தம் மெல்ல ஏறியதும் மறுபடி ஓடவிடும். இப்படி நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும் கொம்பிரசர், ஒவ்வொரு தொடக்கத்திலும் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தால் சூடேறி, கொஞ்சம் எண்ணெயையும் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. பால் நிலையங்களில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனெனில் காலைப் பால் வந்து சேரும் நேரமும் குளிர் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றே. 4 பாகைக்கு இறங்கவேண்டிய பால் 10 பாகையிலேயே நின்று அடம் பிடிக்கும், குளிர்விக்கும் இயந்திரத்துக்கோ வெளியே உறைகின்ற குளிர்.

இரண்டாவது கெடுதல் ஓசையில்லாமல் நடப்பது. நிறுத்தப்பட்ட யூனிட்டில் காஸ், குழாய்த் தொடரின் மிகக் குளிர்ந்த இடத்தை நோக்கி நகர்ந்து அங்கே திரவமாகச் சேரும். அதோடு கொம்பிரசர் எண்ணெயில் கரைவதும் அதன் இயல்பு. அறை 3 பாகையிலும் வெளிக்காற்று 15 பாகையிலும் இருக்கும்போது ஆபத்து குறைவு. இரவில் நெடுநேரம் மின்சாரம் இல்லாமல், அறை 12 பாகைக்கு ஏறி, வெளியே 5 பாகைக்கு இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். வெட்டவெளியில் நிற்கும் கொம்பிரசரின் இரும்பு ஓடே இப்போது மிகக் குளிர்ந்த இடம். மின்சாரம் வந்து அது சட்டென்று ஓடத் தொடங்கும்போது, எண்ணெயில் கரைந்திருந்த காஸ் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல நுரைத்துக் கிளம்பும். பெயரிங்குகளுக்கு எண்ணெய்க்குப் பதில் நுரை போகும். திரவமே சிலிண்டருக்குள் நுழைந்தால் வால்வுத் தகடு உடையும். முதல் சில வினாடிகளில் கேட்கும் அந்தக் கடகடவென்ற உலோக ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

விசிறியை அடக்குதல்

முதல் கெடுதலுக்குப் பரிகாரம் விசிறியைக் கட்டுப்படுத்துவதே. மலிவான வழி, உயர் அழுத்தக் குழாயில் ஓர் அழுத்த சுவிட்சைப் பொருத்தி, ஆர்404ஏ என்றால் ஏறத்தாழ 220 பி.எஸ்.ஐ.யில் விசிறி ஓடத் தொடங்கி 165 அளவில் நிற்குமாறு அமைப்பது. யூனிட்டுடன் வரும் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். இரண்டு விசிறி இருக்கும் யூனிட்டில் ஒன்றை மட்டும் இப்படிக் கட்டுப்படுத்தி மற்றதைக் கொம்பிரசருடன் சேர்ந்து ஓடவிடலாம். இதைவிடச் சிறந்தது, அழுத்தத்துக்கு ஏற்ப விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. அழுத்தம் ஏறி இறங்கி ஊசலாடாமல் இருப்பதால் எக்ஸ்பான்சன் வால்வும் நிதானமாக இயங்கும். மிகக் குளிரான இடங்களில், திரவத்தைக் கொண்டென்சருக்குள்ளேயே தேக்கி அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் வால்வையும் பொருத்துவார்கள், ஆனால் அதற்கு ரிசீவர் பெரிதாகவும் காஸ் கூடுதலாகவும் வேண்டும். கந்தப்பளை, ராகலை அளவுக் குளிருக்கு நல்ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே போதும் என்பது என் எண்ணம்.

விசிறியை நிறுத்தினாலும் காற்று நிற்காது என்பதையும் மறக்கக்கூடாது. தென்மேற்குப் பருவக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மேற்கிலிருந்து வரும் காற்றும், ஊவாவில் அதே மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்றும் நின்றிருக்கும் விசிறியின் வேலையைத் தாமே செய்துவிடும். விசிறி எதிர்த்திசையில் சுழல்வதைக்கூடச் சில இடங்களில் காணலாம். சுருளின் முகம் அந்தத் திசையைப் பாராதபடி யூனிட்டைத் திருப்பி வைப்பது, முடியாவிட்டால் ஓரடி, ஒன்றரையடி தள்ளி ஒரு தகரத் தடுப்பு நிறுத்துவது நல்லது. தடுப்பு வேறு, மூடி வேறு. மழைக்குப் பாதுகாப்பு என்று யூனிட்டின் மேல் உரப்பையையோ நீல நிறத் தறப்பாளையோ இழுத்துக் கட்டும் வழக்கம் மலையெங்கும் இருக்கிறது. வெளியேறும் சூடான காற்று அதில் முட்டித் திரும்பி மறுபடி சுருளுக்குள்ளேயே நுழையும். யூனிட் மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. நனையக்கூடாதது அதன் மின் பெட்டி மட்டுமே, அதற்கு மூடியின் ரப்பர் வளையம் ஒழுங்காக இருந்தால் போதும்.

காலைக் குமிழும் மதிய நிறுத்தமும்

மலைநாட்டில் மிகப் பரவலாக நடக்கும் தவறு ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். காலை ஆறரை மணிக்கு உரிமையாளர் அழைக்கிறார்: அறை குளிரவில்லை. வருபவர் திரவக் குழாயில் இருக்கும் கண்ணாடிச் சன்னலான சைட் கிளாஸைப் பார்க்கிறார். உள்ளே குமிழ் ஓடுகிறது. உறிஞ்சும் பக்க மானி தாழ்ந்து நிற்கிறது. ‘காஸ் குறைஞ்சிருச்சு ஐயா’ என்று சொல்லிச் சிலிண்டரைத் தூக்குகிறார். குமிழ் மறையும்வரை ஏற்றுகிறார், அறையும் குளிரத் தொடங்குகிறது, எல்லோருக்கும் திருப்தி. பகல் ஒரு மணிக்கு மேகம் விலகி வெயில் யூனிட்டின் மேல் விழுந்ததும், அளவுக்கு மீறி ஏற்றிய காஸ் கொண்டென்சரில் தேங்கி, உயர் அழுத்த சுவிட்ச் விழுந்து யூனிட் நிற்கும். மாலையில் வேறொருவர் வந்து கொஞ்சம் காஸை வெளியே விடுகிறார். மறுநாள் காலை மறுபடி குமிழ்.

குளிர்ந்த காலையில் சைட் கிளாஸில் தெரியும் குமிழ் காஸ் குறைவைத்தான் காட்டுகிறது என்று கொள்ளமுடியாது. விசிறி அடங்காமல் ஓடி அழுத்தம் சரிந்திருந்தாலும் அதே குமிழ்தான் வரும். ஆகவே சிலிண்டரைத் தொடுவதற்கு முன், கொண்டென்சர் முகத்தின் ஒரு பகுதியைத் தடித்த அட்டையால் மறைத்து, உயர் பக்க அழுத்தத்தை 210, 220 வரை ஏறவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். அட்டையை வைத்தவர் மானியை விட்டு நகரக்கூடாது. அந்த அழுத்தத்தில் குமிழ் மறைந்து அறையும் குளிர்ந்தால், குறை விசிறிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அப்போதும் குமிழ் ஓடினால் காஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அல்லது ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர் அடைபட்டிருக்கலாம். டிரையரின் இரு முனைகளையும் கையால் தொட்டுப் பார்த்து, வெளியேறும் முனை தெளிவாகக் குளிர்ந்திருந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். காஸ் குறைந்திருந்தாலும் அது ஆவியாகித் தீர்ந்துபோவதில்லை, எங்கோ கசிகிறது. இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும் இடத்தைத் தேடி, சவர்க்கார நுரை வைத்துப் பார்த்து, கசிவை அடைத்த பிறகே நிரப்பவேண்டும்.

மானி காட்டும் எண்ணையும் மலையில் சற்றுத் திருத்தியே படிக்கவேண்டும். நுவரெலியாவில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைவு. அழுத்த–வெப்பநிலை அட்டவணைகள் கடல் மட்டத்துக்கே அச்சிடப்படுகின்றன. ஆர்404ஏ –10 பாகையில் இருக்கும்போது அட்டவணை 48 என்று சொன்னால், நுவரெலியாவில் மானி 51 காட்டும். உயர் பக்கத்தில் 3 பி.எஸ்.ஐ. ஒரு பொருட்டில்லை, தாழ் பக்கத்தில், சுப்பர்ஹீட்டை (காஸ் ஆவியான பின் ஏறும் கூடுதல் வெப்பநிலையை) கணக்கிடும்போது அது ஏறத்தாழ ஒன்றரைப் பாகைப் பிழையைத் தரும்.

ஹீட்டரும் மின்வெட்டும்

இரண்டாவது கெடுதலுக்கு இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, கொம்பிரசரின் அடிவயிற்றில் பட்டிபோலச் சுற்றப்படும் கிராங்க் கேஸ் ஹீட்டர். அது எண்ணெயை வெதுவெதுப்பாக வைத்திருப்பதால் காஸ் அதில் தங்காது. கொம்பிரசர் நிற்கும் நேரமெல்லாம் அதற்கு மின்சாரம் போகவேண்டும். மின்கட்டணம் மிச்சம் என்று அதைத் துண்டித்து வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். 60, 70 வாட் மிச்சம் பிடித்து ஒரு கொம்பிரசரைப் பறிகொடுப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. கரையோரத்திலிருந்து வாங்கிவந்த பழைய யூனிட்டில் ஹீட்டரே இல்லாமலும் இருக்கலாம், பார்த்து வாங்கவேண்டும். மாதம் ஒருமுறை, யூனிட் நின்றிருக்கும் வேளையில் கொம்பிரசரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும்: சுற்றியுள்ள இரும்பைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது.

மற்றது பம்ப் டவுன் முறை. அறை வேண்டிய குளிரை எட்டியதும் தேர்மோஸ்டாட் கொம்பிரசரை நேரடியாக நிறுத்தாமல், திரவக் குழாயில் இருக்கும், மின்சாரத்தால் இயங்கும் சொலனாய்ட் வால்வை மூடும். கொம்பிரசர் தொடர்ந்து ஓடி, தாழ் பக்கத்தில் இருக்கும் காஸ் முழுவதையும் ரிசீவருக்குள் தள்ளிவிட்டுத் தாழ் அழுத்த சுவிட்சால் நிற்கும். மலையில் புதிதாக அமைக்கும் எந்தக் குளிர் அறையிலும் இரண்டு காவல்களையும் சேர்த்தே கேட்டுப் பெறவேண்டும்.

நீண்ட மின்வெட்டில் இரண்டும் பயனற்றுப் போகும். ஹீட்டருக்கு மின்சாரம் இல்லை. வெட்டு நடு ஓட்டத்தில் வந்திருந்தால் பம்ப் டவுனும் நடந்திருக்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மண்சரிவில் கம்பி அறுந்தால் மலையில் இன்றும் அதே நிலைதான். அப்படிப்பட்ட வெட்டின்போது யூனிட்டின் பிரதான சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மின்சாரம் வந்ததும் கொம்பிரசர் சுற்றை மட்டும் துண்டித்தபடி ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்து, வெட்டு சில மணித்தியாலமே என்றால் அடிப்பக்கம் நன்றாகச் சூடேறும்வரையும், ஒரு நாளுக்கு மேல் என்றால் கையேடு சொல்லும் 12 அல்லது 24 மணித்தியாலம் வரையும் காத்திருப்பது முறை. அறையில் பொருள் கெடுகிறது, காத்திருக்க முடியாது என்றால், திரவக் குழாயின் வால்வை மூடிவைத்து, கொம்பிரசரை இரண்டு மூன்று வினாடி ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து மறுபடி ஓடவிட்டு எண்ணெயிலுள்ள காஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவார்கள். அதை அனுபவமுள்ளவர் செய்யவேண்டும். அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

சுருளைக் கழுவுதல்

சுத்தம் செய்வதில் மலைக்கென்று இருக்கும் சங்கதிகள் சில. தேயிலைத் தொழிற்சாலை அருகே நிற்கும் சுருளில், சலிக்கும்போது பறக்கும் மெல்லிய தேயிலைப் பஞ்சு படிந்து, மூடுபனியின் ஈரத்தில் ஊறி, கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும். மரக்கறித் தோட்டங்களில் கோழி எருவைக் குவித்து வைக்கும் இடத்துக்கு அருகே யூனிட்டை வைக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மற்றபடி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தொழிற்சாலைப் பக்கம் என்றால் மாதம் ஒருமுறை, பின்வருமாறு செய்தால் போதும்.

பிரதான சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டவேண்டும். மின் பெட்டியையும் விசிறி மோட்டரையும் பொலித்தீனால் மூடவேண்டும். உலர்ந்த தூசியை மென்மையான தூரிகையால், சுருளின் மெல்லிய தகடுகள் ஓடும் திசையிலேயே, குறுக்காக இழுக்காமல் துடைக்கவேண்டும். பிறகு தண்ணீரை உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி, காற்று வரும் திசைக்கு எதிராக, சாதாரணக் குழாய் அழுத்தத்திலேயே அடிக்கவேண்டும். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போய் நடுவில் அடைத்துக்கொள்ளும். வாகனம் கழுவும் உயரழுத்தத் துப்பாக்கியை இதற்குப் பயன்படுத்தினால் அலுமினியத் தகடுகள் பாய் மடிந்ததுபோலச் சரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மென்மையான சவர்க்காரக் கரைசல் போதும். அமிலம் கலந்தவை வேண்டாம். சரிந்த தகடுகளைச் சீப்புப் போன்ற கருவியால் நிமிர்த்தலாம். சுருள் காய்ந்த பின்னரே மின்சாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலைக்காற்று கடல் மட்டத்துக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசானது. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது எடுத்துச்செல்லும் வெப்பம் குறைவு. குளிர் இந்தக் குறையை மறைத்துவைக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதத்து வெயில் நாளொன்றில், பாதி அடைபட்ட சுருளோடு நிற்கும் யூனிட்டில்தான் அது வெளிப்படும்.

மின் பக்கம்

இலங்கையில் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்னழுத்தம் 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது விதி. நெடுந்தூரம் இழுக்கப்பட்ட தோட்டத்துக் கம்பியின் கடைசி முனையில், எல்லா வீடுகளிலும் சமையல் நடக்கும் வேளையில், அது எவ்வளவு என்பதை யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பார்க்கவேண்டும். மூன்று கட்ட யூனிட்டில் கட்டங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 3 சதவீதம் என்றாலே மோட்டர்ச் சுருளின் வெப்ப ஏற்றம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். கட்டம் ஒன்று இல்லாமற்போனாலோ வரிசை மாறினாலோ கொம்பிரசரைத் தடுக்கும் ரிலே ஒன்று, மண்சரிவுக்குப் பின் அவசரமாகக் கம்பி பிணைக்கப்படும் ஊர்களில் கட்டாயம் தேவை. பிஸ்டனுக்குப் பதில் சுருள் வடிவத் தகடுகளால் காஸை அழுத்தும் ஸ்குரோல் வகைக் கொம்பிரசர் கட்ட வரிசை மாறினால் எதிர்த்திசையில் சுற்றும். பெரிய சத்தம் போடும், உறிஞ்சும் அழுத்தம் இறங்காது, குழாய்கள் சூடேறா. கொம்பிரசர் போய்விட்டது என்று அதைக் கழற்றுவதற்கு முன், வரும் கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிப் பார்த்திருக்கவேண்டும்.

வெலிமடைப் பக்கத்தில் ஓர் இறைச்சிக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று கட்டக் கொம்பிரசர் எரிந்தது, புதியது பொருத்தினார்கள், நான்காம் நாள் அதுவும் எரிந்தது. மூன்றாவதை வாங்குவதற்கு முன் என்னை அழைத்தார்கள். கொம்பிரசருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான கொன்டக்டரின் முகப்பைக் கழற்றியபோது, நடுத் தொடுமுனைகளுக்கு இடையில் ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டுக்காகப் பெட்டிக்குள் போய்ப் படுத்திருக்கும். அது சிக்கிய நாளிலிருந்து ஒரு கட்டம் தொட்டும் தொடாமலும் வந்திருக்கிறது. கொம்பிரசர் இரண்டு கட்டத்திலேயே தள்ளாடி ஓடியிருக்கிறது. மின்னோட்டம் மிகும்போது கொம்பிரசரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை யாரோ ‘அடிக்கடி விழுகிறது’ என்று உச்ச அளவுக்குத் திருகி வைத்திருந்தார்கள். பழுது சில நூறு ரூபாய்ச் சாமானில் இருந்தது. அன்றிலிருந்து, கம்பி நுழையும் ஒவ்வொரு துளையையும் ரப்பர் வளையத்தால் அடைக்காமல் எந்தப் பெட்டியையும் நான் மூடுவதில்லை.

கொம்பிரசர் போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

கொம்பிரசர் ஓடவில்லை என்ற அழைப்பு வந்ததும் உரிமையாளர் செய்யவேண்டியது இரண்டு: அறைக் கதவைத் திறக்காமல் வைப்பதும், சுவிட்சை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காமல் இருப்பதும். விழுந்த பிரேக்கரைப் பத்துத் தடவை தூக்கிவிட்டு, பிழைத்திருந்த மோட்டரைச் சாகடித்தவர்கள் பலர்.

தொழில்நுட்பவியலாளர் முதலில் மின்சாரம் கொன்டக்டரைத் தாண்டி வருகிறதா, அழுத்த சுவிட்சுகள் மூடியிருக்கின்றனவா, ஒற்றைக் கட்டமென்றால் கெப்பாசிட்டரும் ரிலேயும் சரியா என்று பார்க்கவேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தங்கிய மின்னை வடித்து, கம்பிகளைக் கழற்றி, முனைகளுக்கிடையே தடையை அளக்கவேண்டும். ஒற்றைக் கட்டக் கொம்பிரசரில் பொது முனைக்கும் ஓட்ட முனைக்கும் இடையில் 1.8 ஓமும், பொது முனைக்கும் தொடக்க முனைக்கும் இடையில் 4.2 ஓமும் இருந்தால், ஓட்டத்துக்கும் தொடக்கத்துக்கும் இடையில் 6 ஓம் வரவேண்டும். கூட்டல் ஒத்துவந்தால் மோட்டர்ச் சுருள் முழுமையாக இருக்கிறது. மூன்று கட்டத்தில் மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பொது முனையிலிருந்து எந்தப் பக்கமும் தொடர்ச்சி இல்லை, ஆனால் ஓட்டத்துக்கும் தொடக்கத்துக்கும் இடையில் இருக்கிறது என்றால், கொம்பிரசரைத் தொட்டுப் பாருங்கள். ஓடு கை வைக்கமுடியாத சூட்டில் இருந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அது ஆறி மூட ஒரு மணித்தியாலம், சில வேளை மூன்று மணித்தியாலம்கூட ஆகும். ஈரத் துணி போட்டு ஆறவிட்டு மறுபடி அளக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நல்ல கொம்பிரசர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு இந்த அவசரமே முதற்காரணம்.

அடுத்தது 500 வோல்ட் மெகர் என்னும் காப்புத்தடை மானி வைத்து, முனைக்கும் ஓட்டுக்கும் இடையிலான காப்பை அளப்பது. 100 மெகா ஓமுக்கு மேல் என்றால் கவலையில்லை. ஒன்றுக்கும் கீழ் என்றால் பெரும்பாலும் முடிந்தது. இடைப்பட்ட அளவு வந்தால், குளிர்ந்த ஓட்டுக்குள் திரவக் காஸ் தேங்கியிருப்பதாலும் அது வரலாம் என்பதை நினைவில் கொண்டு, ஹீட்டரைச் சில மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி அளக்கவேண்டும். வெற்றிடம் இழுத்திருக்கும் கொம்பிரசரில் மெகரும் வைக்கக்கூடாது, மின்சாரமும் கொடுக்கக்கூடாது. உள்ளே பொறி பாய்ந்து முனைகள் எரிந்துவிடும்.

மோட்டர் ஓடுகிறது, ஆனால் அழுத்தம் ஏறவில்லை, மின்னோட்டமும் குறைவு என்றால் வால்வுத் தகடுகளைச் சந்தேகிக்கலாம். பிஸ்டன் வகையில் உறிஞ்சும் வால்வை மூடி ஓடவிட்டால் அழுத்தம் விரைவில் வெற்றிடத்துக்கு இறங்கி, நிறுத்திய பின்னும் அங்கேயே நிற்கவேண்டும். ஸ்குரோலில் இந்தச் சோதனை வேண்டாம், அதைக் கெடுத்துவிடும்.

மாற்றிப் பொருத்துதல்

பழைய காஸைக் காற்றில் விடாமல், மீட்பு இயந்திரத்தால் சிலிண்டரில் சேர்க்கவேண்டும். ஆர்404ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப்போல 3,900 மடங்குக்கும் மேல். ஆர்22 வகைக் காஸ் உள்ள பழைய யூனிட்டுக்குப் புதுக் கொம்பிரசர் வாங்குமுன் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும்: இலங்கை 1989இல் இணைந்த மொன்றியல் உடன்படிக்கையின்படி, வளரும் நாடுகளில் அந்த வகைக் காஸின் பாவனை 2025இல் 67.5 சதவீதமும் 2030இல் 97.5 சதவீதமும் குறைக்கப்படவேண்டும். பழைய யூனிட்டில் பெரிய செலவு செய்வது இனி புத்திசாலித்தனமில்லை.

எரிந்த கொம்பிரசரின் எண்ணெய் கருத்து, மூக்கைத் துளைக்கும் நாற்றத்துடன் வரும். அதில் அமிலம் இருக்கிறது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அமிலச் சோதனைக் குப்பி ஒன்றில் சில துளி எண்ணெய் விட்டுப் பார்த்து, அமிலம் உறுதியானால் திரவப் பக்க டிரையரை மாற்றுவதோடு, உறிஞ்சும் குழாயில் அமிலம் உறிஞ்சும் ஃபில்டர் ஒன்றையும் பொருத்தவேண்டும். இதைச் செய்யாமல் வைக்கும் புதுக் கொம்பிரசர், பழையதன் அமிலத்திலேயே வெந்துபோகும்.

ஆர்404ஏக்கு உரிய பொலியோலெஸ்டர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைப் பஞ்சுபோல உறிஞ்சும். நுவரெலியா மூடுபனியில் புதுக் கொம்பிரசரின் அடைப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. குழாய்களை முதலில் தயார் செய்து, அடைப்பைக் கடைசியில் கழற்றி, பதினைந்து நிமிடத்துக்குள் இணைக்கவேண்டும். குழாய்களைச் சூட்டால் பற்றவைத்து இணைக்கும்போது குழாய்க்குள் மெல்லிய நைதரசன் ஓட்டம் இருந்தால் உட்புறம் கரி படியாது. அழுத்தச் சோதனையும் உலர்ந்த நைதரசனால்தான். ஒட்சிசன் சிலிண்டரை இணைத்தால் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் வெளியேற்றும் வெற்றிடம். கடல் மட்டத்தில் மானியின் முள் 30 அங்குலப் பாதரசத்தை நெருங்கும். நுவரெலியாவில் எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அது 24 அங்குலத்தைத் தாண்டாது, ஹட்டனில் 26ஐ எட்டாது. பம்ப் பழுது என்று இதை வைத்து முடிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். முள்ளை நம்பாமல், நுண்ணிய வெற்றிடத்தை அளக்கும் மைக்ரோன் மானி வைத்து 500 மைக்ரோன் வரை இழுத்து, பம்பைப் பிரித்தபின் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். குளிரில் குழாய்க்குள் இருக்கும் ஈரம் சோம்பலாகவே ஆவியாகும்; கொம்பிரசர் ஓட்டையும் தாழ்வான குழாய் வளைவுகளையும் சூட்டு விளக்கால் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு இழுத்தால் பாதி நேரம் மிச்சமாகும். ஆர்404ஏ ஒரு கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுத்து, எடை போட்டு அளந்து நிரப்பவேண்டும்.

ஓடத் தொடங்கியபின் கொம்பிரசருக்குத் திரும்பும் காஸின் சுப்பர்ஹீட் 10 பாகைக்குக் குறையாமல் இருக்கிறதா, வெளியேற்றும் குழாய் கொம்பிரசரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி 105 பாகைக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்கவேண்டும். 48 மணித்தியாலத்தில் மறுபடி வந்து அமிலச் சோதனை செய்து, உறிஞ்சும் ஃபில்டரின் இரு பக்க அழுத்த வேறுபாடு 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் மாற்றி, எண்ணெய் சுத்தமானதும் அந்த ஃபில்டரை எடுத்துவிடவேண்டும். இந்த இரண்டாவது வருகையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. பகலில் சரியாக ஓடும் யூனிட் மலையில் எதையும் நிரூபிப்பதில்லை.

கழற்றிய பழைய கொம்பிரசரை இரும்புக்காரருக்குக் கொடுப்பதற்கு முன், காஸையும் எண்ணெயையும் முழுவதும் வடித்து, அழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெட்டித் திறந்து பாருங்கள். மோட்டர் சுருளில் இரண்டு கட்டம் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல மின்னினால், ஒரு கட்டம் வராமல் ஓடியிருக்கிறது, கொன்டக்டரைத் தேடுங்கள். வால்வுத் தகடு துண்டாக உடைந்திருந்தால் திரவம் உள்ளே போயிருக்கிறது. வால்வுப் பலகை நிறம் மாறிக் கருகியிருந்தால் வெப்பம். கொண்டென்சர் சுருள் அடைபட்டிருக்கும் அல்லது காஸ் குறைந்து ஓடியிருக்கும். பெயரிங்குகள் எல்லாம் ஒரே மாதிரித் தேய்ந்து கீறியிருந்தால் எண்ணெய் திரும்பிவரவில்லை. சில பெயரிங்குகள் தேய்ந்து சில நன்றாக இருந்தால், ஒரு குளிர்ந்த காலையில் நுரையோடு தொடங்கிய கொம்பிரசர் அது. ஹீட்டரின் கம்பியை யார் கழற்றினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள்.